பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய கடிதம்

போன மாதம் உங்களில் ஒருவர் உம்ராவுக்குப் புறப்படும்போது என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுப் புனிதப் பயணம் புறப்படுகிறேன். தெரிந்தோ தெரியாமலோ என்னால் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய மனக்குறை, மனத்தாங்கல் யாவற்றையும் இம்மைக்கும் மறுமைக்குமாக மன்னித்துக்கொள்ளுங்கள். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்." நான் பதில் போடவில்லை. அவர் திரும்பி வந்து, வீடு தேடிப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து தந்தபோதும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிழவனுக்குத் தலைக்கனம் என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் கல்முனைக்குக் கணினியும் இணையமும் வந்த கதையை எழுதித் தரும்படி, இன்று இதே தொழிலில் இருக்கும் நீங்கள் எல்லோருமாக வந்து கேட்டீர்கள். எழுதினால் இதைத்தான் எழுதவேண்டும், இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது பொய் என்று பட்டது.

அந்தக் காலத்தில் எல்லாம் அருமையாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அருமையாக ஒன்றும் இருக்கவில்லை. கல்முனைப் பிரதான வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில், இரண்டு கணினிகளோடு நான் கடை திறந்தேன். கடல் காற்றின் உப்பு ஆறு மாதத்தில் கணினிக்குள்ளே போய் மின்சுற்றுப் பலகைகளைத் துருப்பிடிக்க வைத்தது. மின்சாரம் நினைத்த நேரம் போகும். இணையம் என்றால் தொலைபேசி வழியாகக் கொழும்புக்கு எடுக்கவேண்டும். மொடம் என்ற இணைப்புக் கருவி கத்தும், இழுக்கும், மூச்சை விடும். நாற்பது தடவை முயன்றால் ஒரு தடவை பிடிக்கும். பிடித்தாலும் எத்தனை நிமிடம் நிற்கும் என்று எவருக்கும் தெரியாது. இன்று உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் கருவியைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான் வருகிறது, பொறாமை இல்லை.

எங்கள் ஊர்களில் பாதி ஆண்கள் அப்போது வளைகுடாவில். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எங்கிருந்தும் ஆட்கள் படியேறி வருவார்கள். எவருக்கும் சொந்தமாக மின்னஞ்சல் முகவரி கிடையாது. ஊர் முழுவதற்கும் என் கடையின் முகவரி ஒன்றுதான். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன், அனுப்புவேன். பதில் வந்தால் அச்செடுத்து, பெயரெழுதி, மடித்து வைத்துக் கொடுப்பேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவேன். ஆரம்பத்தில் தமிழ் எழுத்திலேயே அனுப்பிப் பார்த்தேன். அங்கே அந்த எழுத்துரு இல்லாததால் கொக்கியும் கோடும் புள்ளியுமாகப் போய் இறங்கியது. ஜித்தாவில் ஒரு மனுஷன் அதைப் பார்த்துவிட்டு, மனைவி தனக்குச் சூனியம் செய்து அனுப்பியிருக்கிறாள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதன் பிறகு எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் தட்டினேன். தமிழ்ச் சொல், ஆங்கில எழுத்து. பார்க்கக் கண்றாவியாக இருக்கும், ஆனால் போய்ச் சேரும்.

இந்தத் தொழிலுக்கு எனக்கொரு குரு இருந்தார். காரைதீவுக்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர். தன் ஓய்வூதியக் கடிதங்களைத் தட்டிக்கொள்ள வருவார். கணினியில் அவருக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, நான் மற்றவர்களுக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சொன்னார்: "தம்பி, நான் முப்பது வருசம் தந்தி அனுப்பினவன். வந்த ஆள் சொன்னத எழுதி, எழுதினத அவருக்குத் திரும்ப வாசிச்சுக் காட்டி, அவர் ஓம் எண்டு சொன்ன பிறகுதான் கை வைக்கிறது. அதில ஒரு சொல்ல நீங்க மாத்தினாலும் அது உங்கட தந்தி. அவர்ட இல்ல." நான் தலையாட்டினேன். அதன் பிறகு எல்லோருக்கும் வாசித்துக் காட்டவும் செய்தேன். பாடத்தின் முன்பாதியை மட்டும் படித்தவன் நான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஹஜ் காலம் வந்தால் கடை நிரம்பும். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடுவீடாகப் போய், கட்டித் தழுவி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார். மனிதரோடு உள்ள கணக்கு மனிதரோடு தீராமல் அங்கே போய் நின்று என்ன பயன்? வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முன்பு தபாலில் எழுதினார்கள். பிறகு என் படியேறினார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தட்டுவானேன் என்று ஒரு கடிதத்தை நானே தயார் செய்து, 'ஹஜ்-1' என்று பெயர் வைத்துச் சேமித்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கினேன் என்றால் நம்புங்கள். மௌலவி ஒருவரிடம் காட்டித் திருத்தமும் வாங்கினேன். "மனக்குறை, மனத்தாங்கல்" என்பது என் சொந்தச் சேர்க்கை. "இம்மைக்கும் மறுமைக்குமாக" என்பதும்தான். பெயரையும் முகவரியையும் மாற்றினால் போதும், ஒரு கடிதம் ஒரு நிமிடம். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு அதில் பெருமை என்றால் சாதாரணப் பெருமை இல்லை.

அப்படி ஒரு ஹஜ் காலத்தில் ஆதம்பாவாக் காக்கா வந்தார், ஊருக்கே அண்ணன் போல என்பதால் எல்லோருக்கும் அவர் காக்கா. சாய்ந்தமருதுக்காரர், ஓடாவி. கூரை மரவேலையில் அவரை அடிக்க இந்தக் கரையில் ஆளில்லை. ஆள் மெலிவு, கை மட்டும் பெரிது. மறுநாள் காலை கொழும்புக்கு பஸ் ஏறவேண்டும். குவைத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்யும் தம்பி றஹீமுக்குக் கடிதம் அனுப்பவேண்டும் என்றார். பெற்றோர் இல்லை, ஒரு தங்கச்சி, இந்தத் தம்பி. அவ்வளவுதான் குடும்பம்.

"காக்கா, ஹஜ் கடிதம் ரெடியா இருக்கு. தம்பிட ஈமெயில் விலாசத்த மட்டும் தாங்க, போதும்" என்றேன்.

"வாசிங்க பாப்பம்."

வாசித்தேன். என் குரலில் கொஞ்சம் ராகம்கூட இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா நான் கேக்க வந்தது இது இல்ல. தெரிஞ்சோ தெரியாமலோ எண்டு போட்டிருக்கீங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்தன்."

பிறகு சொன்னார். நான் தட்டினேன். அந்தக் கடிதம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"றஹீம், காக்கா எழுதுறன். தங்கச்சிட கலியாணத்தில ஜெனரேட்டர் நிண்டுபோனது ஒன்ட பிழை இல்ல. நீ கலன் நிறைய டீசல் வாங்கித்தான் வெச்சிருந்த. பந்தல் மரம் ஏத்தி வந்த டிரக்டருக்கு அத ஊத்தச் சொன்னது நான். ஒனக்கிட்ட சொல்ல மறந்துட்டன். மாப்புள ஊட்டாக்கள் வாசலுக்கு வந்த நேரம் லைட் நிண்டதும், ஆத்திரத்தில எல்லார்ட முன்னுக்கும் ஒன்ட கன்னத்தில அடிச்சன். அடுத்த நாள் காலையில வெறுங்கலனக் கண்டதும் எனக்கு விளங்கிட்டு. மறுகா நீ குவைத்துக்குப் போகுமட்டும் முப்பத்தாறு நாள் ஒரே ஊட்டில இருந்தம். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைச்சன். சொல்லல்ல. காக்கா எண்ட பெருமதான் தடுத்த. இப்ப நாலு வருசம் நீ என்னோட கதைக்கல்ல. அது ஒனக்கு நியாயம். நான் ஹஜ்ஜுக்குப் போறன். நீ மன்னிக்காம நான் அங்க போய் என்ன கேக்கிற? ஒரு சொல்லு எழுது."

வழக்கப்படி வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் கையைத் தூக்கினார்.

"அந்த 'ஆத்திரத்தில' எண்டத எடுங்க தம்பி. அது சாட்டு. அடிச்சதுக்குக் காரணம் சொல்ற மாதிரி இருக்கு."

எடுத்தேன். போனில் நேராகக் கேட்டுவிடலாமே என்றேன். "தங்கச்சிட போனுக்கு எடுப்பான். நான் வாங்கினா வெச்சிருவான். அவன் வைக்காட்டியும் எனக்குச் சொல்ல வாய் வராது" என்றார். வேறு எவருக்கும் இது தெரியவேண்டாம், தங்கச்சிக்கும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மத்தியான ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் கீழே இறங்கிப் போனார்.

நாங்கள் கடிதங்களை முதலில் தட்டி பிளொப்பித் தட்டில் சேமித்துவைத்து, இணைப்புப் பிடித்தவுடன் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்புவோம். அன்று காலையிலிருந்து இணைப்பே இல்லை. அவர் போய்ப் பத்து நிமிடத்தில் பிடித்தது. கையில் பதினான்கு கடிதங்கள். பதின்மூன்று என் 'ஹஜ்-1'. பின்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். மறுநாள் அதே பஸ்ஸில் போகிற ஒரு துணிக்கடைக்காரர் என் தோளில் கை வைத்து, "கெதியாப் பாருங்க சேர், லைன் போயிரும், லைன் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதின்மூன்றும் போயின. பதினான்காவதை எடுக்கப் போனால் பிளொப்பி கரகரவென்று அரைத்தது. வாசிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. வெளியே எடுத்து, ஊதி, மீண்டும் போட்டேன். அதே அரைப்பு. மொடத்தின் விளக்கு மினுங்கத் தொடங்கியது. அது அணையப்போவதற்கு அடையாளம். என் முன்னால் 'ஹஜ்-1' திறந்து கிடந்தது. பெயரை 'றஹீம்' என்று மாற்றினேன். அனுப்பினேன். இணைப்பு அறுந்தது.

ஆதம்பாவாக் காக்கா தொழுதுவிட்டு மேலே வந்தார். படியில் பாதியிலேயே நின்று கேட்டார்.

"போயிட்டா தம்பி?"

"போயிட்டு காக்கா."

அவர் முகத்தில் வந்த மாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்கும் அங்க துஆக் கேப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரைக்கும் நடந்ததற்காக நான் உங்கள் முன் தலைகுனிய வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். இயந்திரம் அரைத்தது, இணைப்பு அறுந்தது, கூட்டம் நெருக்கியது. இத்தொழிலில் அது எல்லோருக்கும் நடக்கும், உங்களுக்கும் நடக்கும். என் பெரிய பிழை மறுநாள் நடந்தது. மறுநாள் காலை பிளொப்பியை மற்றக் கணினியில் போட்டேன். ஒரு முனகலும் இல்லாமல் திறந்தது. கடிதம் ஓர் எழுத்துக் குறையாமல் இருந்தது. இணைப்பும் முதல் முயற்சியிலேயே பிடித்தது. கடையில் ஒருவரும் இல்லை. ஒரேயொரு தடவை அழுத்தினால் போதும்.

நான் அழுத்தவில்லை. கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தேன். அந்த யோசனையைத்தான் நான் இந்த இருபது சொச்ச வருடமாக வெறுக்கிறேன். இரண்டாவது கடிதம் போனால் முதலாவது என்ன என்று அந்தத் தம்பி கேட்பான், கடைக்குப் பெயர் கெடும் என்று யோசித்தேன். தூரதேசத்தில் இருப்பவனுக்கு ஜெனரேட்டரையும் டீசலையும் கன்னத்து அடியையும் ஏன் கிளறவேண்டும் என்று யோசித்தேன். அங்கே இருப்பவர்களுக்கு மனம் நோகும் எதையும் எழுதாமல் இருப்பது நம் ஊரில் ஒரு மரியாதை அல்லவா, அந்த மரியாதையையும் துணைக்கு இழுத்துக்கொண்டேன். கடைசியில், என் கடிதமும் மன்னிப்புத்தானே கேட்கிறது, இவர் சொன்னதைவிட அழகாகவே கேட்கிறதே என்று முடித்தேன். தெரிந்தோ தெரியாமலோ என்பது தன் கதை இல்லை என்று அந்த மனுஷன் என் முகத்துக்கு நேரே சொல்லி இருபத்துநான்கு மணித்தியாலம்கூட ஆகவில்லை. பிளொப்பியை வெளியே எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. ஆங்கில எழுத்தில், மூன்றே வரி.

"காக்காக்கு. கடிதம் கிடைச்ச. என்ட றூமில இருக்கிற நிந்தவூர் ஆளுக்கும் அவர்ட மாமாட்ட இருந்து அதே கடிதம் வந்திருக்கு, பேர் மட்டும் வேற. கடைக்காரன் நல்லா எழுதுறான், அவனுக்கு என்ட சலாம் சொல்லுங்க."

அதை வாசித்தபோது காரைதீவு ஐயா சொன்ன வார்த்தை அப்படியே திரும்பி வந்திருந்தது. அது என்னுடைய கடிதமாகத்தான் போயிருந்தது. அப்போதாவது நான் திருத்தியிருக்கலாம். ஒரு வரி போதும்: தம்பி, பிழை என்னுடையது, உங்கள் காக்கா சொன்ன கடிதம் இதோ. எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிறவன் பிழையைத் திருத்துவான் என்று நினைக்காதீர்கள். மறைக்கத்தான் அவன் கை முதலில் போகும். பதிலை அச்செடுக்கவில்லை. அழித்தேன்.

ஹஜ் முடிந்து ஆதம்பாவாக் காக்கா மொட்டைத் தலையோடு படியேறி வந்தார். ஒரு போத்தலில் மக்காவின் ஸம்ஸம் புனித நீர், ஒரு பொதி பேரீச்சம்பழம். ஊருக்கு வந்த இரண்டாம் நாள், அவர் முதலில் வந்த இடங்களில் என் கடையும் ஒன்று.

"பதில் ஏதும் வந்ததா தம்பி?"

"இல்ல காக்கா. வரல்ல."

"அவன் வாசிச்சிருப்பானா?"

"வாசிச்சிருப்பார்."

போத்தலின் மூடியைத் திறந்தார். "வாசிச்சாப் போதும். நான் கேட்டுட்டன். மறுகா அவன்ட விருப்பம்" என்றார். ஸம்ஸம் நீரை ஒரு கோப்பையில் ஊற்றி, மக்காவின் திசையான கிப்லாவைப் பார்த்து நின்று குடிக்கச் சொன்னார். குடித்தேன். அந்த வாயால் அந்த நீரைக் குடித்தேன்.

பிறகும் சில வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆ நாட்களில் வந்து கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அடுத்த வருடம் என் கடைக்கு ஒரு பெரிய அலுமாரி தேவைப்பட்டது. வேறு ஓடாவியைக் கூப்பிட்டிருக்கலாம். அவரைத்தான் கூப்பிட்டேன். சொல்லிவிடலாம் என்ற எண்ணம் எங்கோ இருந்திருக்கவேண்டும். இரண்டு நாள் என் கண்முன்னால் இழைத்துக்கொண்டும் அறுத்துக்கொண்டும் இருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம், சோற்றுப் பொதியைப் பிரித்தபடி கணினியைக் காட்டிக் கேட்டார்.

"அந்தக் கடிதம் இன்னும் இதுக்குள்ள இருக்கா தம்பி?"

அதைவிட நல்ல தருணம் ஒருவனுக்கு வாய்க்காது.

"இருக்கு காக்கா."

"இருக்கட்டும்" என்றார். பிறகு, "அவன் கோவக்காரன் இல்ல. என்னப் போல இல்ல. அதுதான் எனக்கு விளங்குதில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். நான் தேநீர் வாங்கி வருகிறேன் என்று எழுந்து கீழே போனேன். திரும்பி வரும்போது அவர் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார். அந்த அலுமாரி இன்றும் என் வீட்டில் இருக்கிறது. கதவு ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அது முடிந்து நான்கு மாதம் போயிருக்கும். இறக்காமத்துப் பக்கம் ஒரு கட்டடத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த காலை. மரத்தில் கால் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று பின்னேர அஸர் தொழுகைக்கே அடக்கினார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன். றஹீம் ஆறு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்.

அவர் வந்த மறுநாள் பிளொப்பியை எடுத்துக் கடிதத்தை அச்செடுத்தேன். இந்தத் தடவையும் அது அரைக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் காக்காவின் வேலைக்கொட்டில். அறுத்த பலகைகள் அடுக்கியபடியே கிடந்தன. றஹீம் ஒரு பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் போலவே மெலிவு. சலாம் சொல்லி, நான் இன்ன கடைக்காரன் என்றேன்.

"ஓ, ஈமெயில் சேர்" என்றார்.

கடிதத்தை நீட்டினேன். இது உங்கள் காக்கா ஹஜ்ஜுக்குப் போவதற்கு முதல்நாள் சொல்லச் சொல்ல நான் தட்டியது, அனுப்பப்படவில்லை, அதற்குப் பதிலாக நான் மற்றதை அனுப்பிவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் வாசித்தார். ஒரு தடவை வாசித்தார், பிறகு மேலே போய் மீண்டும் வாசித்தார். கடிதத்தைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். அழுவார் என்று நினைத்தேன். கத்தினால்கூட நல்லது என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"இது எனக்கு வந்து சேரல்ல எண்டு காக்காக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் ஒரு பதில் எழுதின. அது?"

"குடுக்கல்ல. வரல்ல எண்டு சொன்ன."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "அப்ப காக்கா மவுத்தாகுமட்டும் நினைச்சிருப்பார், நான் இத வாசிச்சிப் போட்டுத்தான் சும்மா இருந்தன் எண்டு."

நின்ற இடத்திலேயே, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரிய மனுஷன், ஊரில் நாலு பேர் மதிக்கிறவன், அந்த மரத்தூளுக்குள் அழுதுகொண்டு நின்றேன்.

றஹீம் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத பார்வை.

"மன்னிப்புக் கேக்கத்தான் ஒங்களிட்ட ஒரு ரெடிக் கடிதம் இருக்கே சேர். அதுல ஒண்டு என்ட பேரப் போட்டு அனுப்புங்க" என்றார்.

எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். இரண்டு கிழமையில் குவைத்துக்குத் திரும்பினார். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. சில வருடங்கள் கழித்து அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன், என் சொந்தச் சொற்களில், பெயர் சொல்லி, பிழை சொல்லி, சாட்டு இல்லாமல். பதில் வரவில்லை. வாசித்தாரா என்று தெரியாது. ஆதம்பாவாக் காக்கா அந்த ஜும்ஆ நாட்களில் என் படியேறி வந்தது எப்படி இருந்திருக்கும் என்பது மட்டும் இப்போது தெரியும்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்கள் கைகளுக்கு இன்று ஊராரின் படங்களும் கடிதங்களும் குரல்களும் திருத்தவும் மாற்றவும் மீட்கவும் வருகின்றன. அவசரத்தில் பிழை விடுவீர்கள். விட்டால் அன்றைக்கே, அந்த ஆளிடமே போய்ச் சொல்லிவிடுங்கள். கடைக்குப் பெயர் கெட்டால் கெடட்டும். எது அழகு, எது நல்லது, எது வேண்டாம் என்று அவருக்காக நீங்கள் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். நான் யோசித்தேன்.

கொட்டிலிலிருந்து வந்த அன்றே 'ஹஜ்-1' கோப்பை அழித்தேன். ஆனால் அதற்குள் அது வெளியே போயிருந்தது. மற்றக் கடைக்காரர்கள் பிரதி எடுத்திருந்தார்கள். பிறகு தமிழ் எழுத்து வந்தது, கைப்பேசி வந்தது, குழுக்கள் வந்தன. யார் முதலில் எழுதியது என்று யாருக்கும் தெரியாமல் வருடா வருடம் அது ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் என் கைப்பேசி ஒலித்தபோது எடுத்துப் பார்த்தேன். மனக்குறை, மனத்தாங்கல், இம்மைக்கும் மறுமைக்குமாக, ஒரு சொல்லும் மாறவில்லை. பெயர்கூட இல்லை. நல்ல பிள்ளை அனுப்பியது, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கொட்டிலும் றஹீம் சொன்னதும்தான் கண்ணில் வந்தன. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.